இரண்டு ஏஸைக் கவிழ்த்தவர்

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டுப் போக்கர் போட்டி ஒன்றுக்கான தகுதிச் சுற்றில் ஆடினேன். தலைக்கு 10,000 சிப்ஸ் (பந்தய வில்லைகள்), 100 பேர். 11 பேர் மிஞ்சியபோது எனக்கு இரண்டு ஏஸ் வந்தது, அதைவிட உயர்ந்த தொடக்கச் சீட்டு கிடையாது. கடைசி 10 பேருக்கு அந்தப் போட்டியில் இடம் உண்டு. முன்னால் ஒருவர் தன் சிப்ஸ் முழுவதையும் வைத்து ஆல்-இன் போட, நான் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டேன். இடம் கிடைத்தது. ஆனால் மாமாக் சாப்பாட்டுக் கடையில் நண்பர்கள் ‘கோழை’ என்று ஓட்டுகிறார்கள். உலகப் போக்கர் சாம்பியன் மணிமேக்கர் இப்படியா ஆடினார் என்கிறார்கள். போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா? எப்போது அடக்கி ஆட வேண்டும்?

ம., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள ம.,

திறமையா அதிர்ஷ்டமா என்பதை மாமாக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மணிமேக்கர் 2003-இல் கடைசி எதிராளி சாம் ஃபர்ஹாவை வெறுங்கையோடு மிரட்டி விலக வைத்தது 839 பேர் ஆடிய உலகப் போக்கர் தொடரின் பெரிய போட்டியில். அங்கே முதல் பரிசு 25 லட்சம் டாலர், ஒவ்வொரு படிக்கும் காசு ஏறும். உங்கள் சுற்றில் முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் ஒரே நாற்காலி.

எனக்குக் கோபம் வேறு. இவ்வளவு எழுதிய தம்பி, தன்னிடம் எத்தனை சிப்ஸ், ஆல்-இன் போட்டவரிடம் எத்தனை என்று எழுதவே இல்லை! அது தெரியாமல் வீரம் என்ன, கோழைத்தனம் என்ன? மொத்தம் 10 லட்சம் சிப்ஸ். ஓர் இடத்துக்குச் சராசரி ஒரு லட்சம். உங்களிடம் 90,000, அவரிடம் 80,000 என்றால் கவிழ்த்தது சரி. எதிரில் ராஜா ஜோடி இருந்தால்கூட ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை ஏஸ் தோற்கும். ஜெயித்து வரும் சிப்ஸை வைத்து என்ன செய்வீர்கள்? இரண்டு நாற்காலியில் உட்காரவா? அவரிடம் 5,000தான் என்றால் கவிழ்த்தது மடத்தனம். தோற்றாலும் 85,000 மிஞ்சும். ஜெயித்தால் ஆட்டமே முடிந்தது. உங்களிடமே 8,000தான், பக்கத்து மேசையிலும் உங்களைவிடக் குறைந்தவர் இல்லை என்றால், அடக்கமாக இருந்தே பிளைண்டுக்கு, அதாவது முறை வைத்துப் போட வேண்டிய கட்டாயப் பந்தயத்துக்கு, இரையாவீர்கள். 100 பேர் இருக்கும்போது பதுங்குவதும் வீண், அப்போது சிப்ஸ் சேர்த்தாக வேண்டும்.

செந்தூல் என்றதும் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த பெரியப்பா நினைவுக்கு வந்துவிட்டார். தீபாவளி இரவில் 101 ரம்மி ஆடுவார்கள்; 101 புள்ளி ஏறியவர் வெளியே. கடைசி இருவர் காசைப் பிரித்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். மற்ற இருவரும் 80-ஐத் தாண்டித் தவிக்கும்போது 30-இல் இருக்கும் பெரியப்பா, ஜோக்கரோடு சீட்டு வந்தாலும் அந்த ஆட்டத்தை ஆடாமல் டிராப் சொல்வார். 20 புள்ளி ஏறும், ஏறட்டும். “என்னண்ணே, சீட்டப் பாத்தாலே நடுங்குதா?” என்பார் சித்தப்பா. “நீங்க அடிச்சிக்குங்கடா, எனக்கு முறுக்கு இருக்கு.” பெரும்பாலும் வெளியேறுவது சித்தப்பாதான். அடுத்த வருடமும் அதே கேலி, அதே கதி. எண்ணிப் பார்ப்பவனைப் பயந்தாங்கொள்ளி என்பது நம் ஆட்களுக்கு ஊறிய வியாதி. அந்தக் கேலிக்குப் பயந்து ஆட்டத்தில் குதிக்கிறானே, அவனுக்கு என்ன பேர் வைப்பது?

இடம் வாங்கிவிட்டீர்கள், சந்தோஷம். அடுத்த கடிதத்தில் சிப்ஸ் கணக்கு, பிளைண்ட் எவ்வளவு, மற்ற பத்துப் பேரின் கையிருப்பு எல்லாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதில் கிடையாது.