வெட்டாதவன் தாவக் கூடாதாமே?

சைக்கிள் கேள்வி – பதில்

மண்மேடுகளில் மலைச் சைக்கிளை ஏற்றிக் காற்றில் தாவும் ‘டர்ட் ஜம்ப்’ பற்றிச் சென்ற இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கே இம்முறை இடம் சரியாக இருக்கிறது. டயர், செயின் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: எங்கள் மகனுக்குப் பதினான்கு வயது. சான்டா குரூஸ் வட்டாரத்தில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு டர்ட் ஜம்ப் தளத்துக்கு அவனை மூன்று வாரங்களாக அழைத்துப் போகிறோம். அங்குள்ள பெரிய பையன்கள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடுக்கிறார்கள், வாளியில் தண்ணீர் சுமக்க வைக்கிறார்கள்; ஆனால் பெரிய மேடுகளின் பக்கம் விடுவதில்லை. புதியவனை இப்படி வேலை வாங்குவது முறையா? நாங்கள் தலையிட்டுப் பேசலாமா? (வாசகி, சன்னிவேல், கலிஃபோர்னியா)

பதில்: பேச வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த விளையாட்டில் எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லுபடியாகும் சட்டம் ஒன்று உண்டு: வெட்டாதவன் தாவக் கூடாது. சில தளங்களில் இதைப் பலகையில் எழுதி மரத்தில் அறைந்தே வைத்திருப்பார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மேடு என்பது குவித்துவைத்த மண்தான். உண்மையில் அதற்கு அன்றாடப் பராமரிப்பு வேண்டும். சைக்கிள் கிளம்புகிற வளைந்த முகப்பை ‘லிப்’ என்பார்கள். பத்துப் பேர் ஒரு மாலை முழுவதும் அதில் ஏறினால், டயர்கள் ஒவ்வொரு முறையும் மேல்மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டிக்கொண்டு போகும், லிப்பின் அடிப்பகுதியில் கண்ணுக்கு எளிதில் தெரியாத பள்ளம் விழும். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, ஓட்டுபவர் விரும்பிய கோணத்தில் அல்லாமல் பள்ளம் தீர்மானித்த கோணத்தில் சைக்கிள் கிளம்பிவிடும். அதனால்தான் ஈரமண்ணை அப்பி, மண்வெட்டியின் முதுகால் தட்டி, மறுபடி வழவழப்பாக்குகிறார்கள். உங்கள் பகுதியில் மழை குளிர்காலத்தோடு முடிந்துவிடுவதால், கோடை முழுவதும் முந்தைய மாலையே தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டியிருக்கிறது. தெளிக்காவிட்டால் மண் வெடித்துப் பொடியாகும். நம் ஊரில் களத்தைச் சாணமிட்டு மெழுகாமல் கதிரடிக்க மாட்டார்கள் அல்லவா, அதே கணக்குத்தான் இதுவும்.

இதில் உங்கள் மகனுக்கு மறைமுகமான ஆதாயமும் இருக்கிறது. லிப்பின் வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே செங்குத்தாகிறது, இறங்குசரிவு எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் மண்வெட்டியோடு நிற்பவன் அங்குலம் அங்குலமாக அறிந்துகொள்கிறான். நான் இந்த விளையாட்டுக்கு முப்பது வயது கடந்து வந்தவன். முதல் நாளே மண்வெட்டியைத் தொடும் முன்பே தாவிப் பார்த்து, லிப்பின் உச்சியில் பயந்து பிரேக்கைப் பிடித்து, மறுபுறம் முன்சக்கரம் குத்தி விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டேன். கட்டுப் போட்ட கையோடு ஒரு மாதம் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். அந்த ஒரு மாதத்தில்தான் மேட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்; மண்ணைத் தட்டும் விதம் தவறு என்று என்னைத் திருத்தியவனுக்கு வயது பதின்மூன்று இருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. சிறுவனை வேலை வாங்குகிற கூட்டம் பெரும்பாலும் பொறுப்பான கூட்டமாகவே இருக்கும். அவனை வேலையும் செய்யவிடாமல், பெரிய மேட்டைக் காட்டி ‘தாவு, தாவு’ என்று உசுப்பேற்றுகிற கூட்டமாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் ‘எம்.டி.பி.’ (மலைச் சைக்கிள்) என்று எழுதிய கியர் சைக்கிள் இருக்கிறது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உண்டு. விலை ஒன்பதாயிரம் ரூபாய். இதில் தாவலாமா ஐயா? (மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: கூடாது தம்பி. சைக்கிள்களை அவை தாங்கும் பயன்பாட்டை வைத்து வகைப்படுத்தும் ஏ.எஸ்.டி.எம். எஃப்2043 என்ற அமெரிக்கத் தரநிலை உண்டு. இரண்டாம் வகை சைக்கிள் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கினால் போதும். மூன்றாம் வகைக்கு 61, நான்காம் வகைக்கு 122 சென்டிமீட்டர். அதற்கு மேல் தாவுவதற்கென்று செய்யப்படுவது ஐந்தாம் வகை. உங்கள் சைக்கிளின் கையேட்டிலோ ஃபிரேமில் ஒட்டிய சீட்டிலோ இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சாகசத்துக்கு உரியதல்ல’ என்ற எச்சரிக்கை இருந்தால் அதை அப்படியே நம்புங்கள்.

விலை குறைந்த சைக்கிளில் முதலில் தோற்பது பெரும்பாலும் பின் அச்சு. திருகி மாட்டும் ஃப்ரீவீல் கொண்ட சக்கரக் குடத்தில் (ஹப்) வலப்பக்க பேரிங் பல்சக்கரங்களுக்கு உட்புறமாக அமைந்திருப்பதால், அச்சின் ஒரு பகுதி தாங்கலின்றி நீண்டிருக்கும். சில தாவல்களிலேயே அது வளையும். அடுத்தது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க். வெறும் சுருள்வில் மட்டும் உள்ள ஃபோர்க், அமுங்கிய வேகத்திலேயே திரும்ப எகிறி ஹேண்டில்பாரை மேலே தள்ளும்.

டர்ட் ஜம்ப் சைக்கிளைப் பார்த்தால் ஏதோ குறைவான சைக்கிள் போலத் தோன்றும். பின்னால் ஷாக் அப்சார்பர் இல்லை, கியர் ஒன்றே ஒன்று, பலர் முன் பிரேக்கைக்கூட வைத்துக்கொள்வதில்லை; ஹேண்டில்பாரை முழுச்சுற்றுச் சுற்றும்போது கம்பி சிக்கக் கூடாது என்பதற்காக. இருக்கை மிகத் தாழ்வாக இருக்கும், முன் ஃபோர்க் 100 மில்லிமீட்டர் அளவுக்கே விறைப்பாக அமுங்கும். மற்ற மலைச் சைக்கிள்களெல்லாம் 27.5, 29 அங்குலச் சக்கரங்களுக்கு மாறிய பின்னும் இது 26 அங்குலத்திலேயே நிற்கிறது. சிறிய சக்கரம் உறுதியானது, காற்றில் திருப்ப எளியது.

கேள்வி: இரண்டு மேடுகளுக்கு நடுவே வெறும் பள்ளம் இருக்கும்போது, எவ்வளவு வேகத்தில் வந்தால் மறுபக்கம் சேருவோம் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? கணக்குப் போட முடியுமா? (இயற்பியல் மாணவி, திருச்சி)

பதில்: போடலாம், உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எறிபொருள் கணக்கே போதும். லிப்பின் முனைக் கோணம் 40 பாகை, இறங்கும் இடமும் அதே உயரம், காற்றுத்தடையை விட்டுவிடுவோம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் சுமார் 3.1 மீட்டர் பறப்பார். 25 கிலோமீட்டரில் வருபவர் சுமார் 4.8 மீட்டர். வேகம் கால் பங்கு கூடினால் தூரம் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது, ஏனென்றால் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தயங்கி இரண்டு மிதி குறைத்தவர் பள்ளத்துக்குள் விழுவதும், ஆர்வத்தில் இரண்டு மிதி கூட்டியவர் இறங்குசரிவைத் தாண்டிச் சமதரையில் மொத்தென்று விழுவதும் இதனால்தான்.

இன்னும் சுவையான கணக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது. உடம்பை நோகச்செய்வது மொத்த வேகம் அல்ல. தரைக்குச் செங்குத்தாக மோதும் வேகப் பகுதி மட்டுமே. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில், கீழ்நோக்கி 35 பாகைக் கோணத்தில் ஒருவர் வருகிறார் என்று கொள்ளுங்கள். சமதரையில் இறங்கினால் அந்தச் செங்குத்துப் பகுதி நொடிக்கு 4.6 மீட்டர், நின்ற நிலையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அவரே 30 பாகைச் சரிவில் இறங்கினால் பாதைக்கும் தரைக்கும் இடையில் 5 பாகையே வித்தியாசம்; விழும் உயரத்துக்கு நிகரான அளவு இரண்டரை சென்டிமீட்டர்தான், அதாவது ஒரு வாசற்படி அளவுகூட இல்லை. அழகாகக் கட்டிய மேட்டில் பத்தடி தாவினாலும் உடம்புக்குத் தெரிவதில்லை, நடைபாதை விளிம்பிலிருந்து அசட்டையாகக் குதித்தால் முதுகு தெறிக்கிறது என்பதன் காரணம் இதுவே. மண்வெட்டி பிடிப்பவர்கள் லிப்பைவிட இறங்குசரிவுக்கு அதிக நேரம் செலவிடுவதும் அதனால்தான்.

ஆனால் தளத்தில் யாரும் கால்குலேட்டர் கொண்டுவருவதில்லை. அந்த மேடு பழகிய ஒருவர் முன்னால் போக, புதியவர் அவர் பின்னாலேயே அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டு போவார். முதலில் தாவாமல் இரண்டு மூன்று முறை வேகத்தை மட்டும் பழகிவிட்டு, பிறகு தாவுவார். பல ஆண்டு கடந்தும் இதைவிட நம்பகமான முறையை நான் காணவில்லை.

கேள்வி: ஆப்டாஸில் அஞ்சலகத்துக்குப் பின்னால் உலகப் புகழ்பெற்ற மேடுகள் இருந்ததாகவும், அவற்றை இடித்துவிட்டதாகவும் என் அலுவலக நண்பர் சொல்கிறார். அவ்வளவு புகழ்பெற்ற இடத்தை ஏன் காப்பாற்றவில்லை? (வாசகர், சான் ஹோசே)

பதில்: நண்பர் சொல்வது உண்மை. ‘போஸ்ட் ஆபீஸ் ஜம்ப்ஸ்’ என்றே பெயர். மான்டெரி விரிகுடாவை ஒட்டிய சிற்றூரான ஆப்டாஸின் நடுவில், தனியார் நிலத்தில், உள்ளூர் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் வெட்டி வளர்த்த தளம் அது. பின்னாளில் ‘ஃப்ரீரைடு’ என்னும் மலைச் சைக்கிள் சாகசப் போட்டிகளிலும் போட்டி வர்ணனையிலும் பெயர் பெற்ற கேம் மெக்கால் ஆப்டாஸ்காரர்; வேறு பல தொழில்முறை வீரர்களும் அங்கே தாவிப் பழகியவர்கள். நிலம் ஊர் மையக் கட்டுமானத் திட்டத்துக்குள் வந்தபோது, 2015இல் புல்டோசர் வந்து மேடுகளைச் சமமாக்கியது.

ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கிறீர்கள். அது தாவியவர்களுடைய நிலமே அல்ல என்பதுதான் சுருக்கமான பதில். நில உரிமையாளர்கள் இத்தனை காலம் எப்படி அனுமதித்தார்கள் என்பதே நியாயமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. கலிஃபோர்னியாவின் சிவில் சட்டத் தொகுப்பில் 846 என்றொரு பிரிவு உண்டு, 1963இல் வந்தது. கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்குத் தம் நிலத்தை மற்றவர்கள் பயன்படுத்த விடும் உரிமையாளர், அந்த இடத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையிலிருந்து பெரும்பாலும் விடுவிக்கப்படுகிறார். ஆபத்தைப் பற்றி வேண்டுமென்றே எச்சரிக்காமல் விட்டாலோ, பணம் வாங்கினாலோ, வெறுமனே அனுமதிக்காமல் வெளிப்படையாக அழைத்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு இல்லை. கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள்: வரவேற்பவரைவிடக் கண்டும் காணாமல் இருப்பவருக்குச் சட்டம் அதிகப் பாதுகாப்புத் தருகிறது! இத்தகைய தளங்கள் பெயர்ப்பலகையோ எழுத்தில் ஒப்பந்தமோ இல்லாமல் ஒரு தலையாட்டலின் பேரில் மட்டும் நடப்பதற்கு இது முக்கியமான காரணம். தலையாட்டலின் பேரில் கிடைத்த இடம், நிலத்தின் விலை ஏறும்போது ஒரே நாளில் போய்விடும்.

பொது இடத்தில் கட்டுவதற்கும் வழி உண்டு. அதே மாநிலத்தின் அரசுச் சட்டத் தொகுப்பில் 831.7ஆம் பிரிவு, ஆபத்தான பொழுதுபோக்குகளில் ஈடுபடுபவருக்கு நேரும் காயத்துக்கு அரசு அமைப்புகளைப் பொதுவாகப் பொறுப்பாக்குவதில்லை. சைக்கிள் தாவலும் மலைச் சைக்கிளும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. ஆப்டாஸிலேயே போலோ கிரவுண்ட்ஸ் என்னும் கவுண்டிப் பூங்காவில் சைக்கிள்களுக்கென்று ‘பம்ப் டிராக்’ என்னும் சிறு மேடுபள்ளச் சுற்றுப்பாதை இருக்கிறது. ஆனால் பூங்கா மேடுகள் எல்லா வயதினருக்குமாகக் கட்டப்படுபவை என்பதால் அடக்கமாகவே இருக்கும். அஞ்சலகத்துப் பின்புறம் தாவியவர்கள் அதை ஈடாக ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: மழை பெய்த மறுநாள் போனேன், திட்டி அனுப்பிவிட்டார்கள். மேடு பார்வைக்கு நன்றாகத்தானே இருந்தது? (வாசகர், ஓக்லாந்து)

பதில்: அவர்கள் திட்டியது சரி. ஈரமண்ணில் ஒரே ஒருவர் ஏறினாலும் டயர்த் தடம் ஆழமாகப் பதிந்து, காய்ந்ததும் தண்டவாளம் போல இறுகிவிடும். அடுத்து வருபவரின் சக்கரத்தை அது பிடித்து இழுக்கும். கொஞ்சம் மண்ணைக் கையில் எடுத்துப் பிசையுங்கள். விரலில் ஒட்டினால் வீட்டுக்குத் திரும்புங்கள். உருண்டை பிடிக்க வந்து, ஆனால் கையில் ஒட்டாமல் இருந்தால் அது வெட்டுவதற்கும் தட்டுவதற்கும் உகந்த பதம். மழைக்கு முன்பே லிப்களைத் தார்ப்பாயால் மூடிவைப்பதும் நல்ல தளங்களின் வழக்கம்.

கேள்வி: இது ஒலிம்பிக்கில் உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: மலைச் சைக்கிள் டர்ட் ஜம்ப் இல்லை. அதன் மூத்த உறவான, சிறிய சக்கரச் சைக்கிளில் ஓட்டும் பி.எம்.எக்ஸ். பந்தயம் 2008 பெய்ஜிங்கிலும், அதே சைக்கிளில் சாகசம் காட்டும் பி.எம்.எக்ஸ். ஃப்ரீஸ்டைல் 2021இல் நடந்த டோக்கியோ போட்டியிலும் அறிமுகமாயின.

கேள்வி: எனக்கு முப்பத்தெட்டு வயது. மகளை அழைத்துப் போய் ஓரத்தில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கே தொடங்குவது? (வாசகி, ஃப்ரீமான்ட்)

பதில்: பம்ப் டிராக்கில் தொடங்குங்கள். மிதிக்காமல், மேடு வரும்போது கைகால்களை மடக்கி, இறக்கத்தில் நீட்டித் தள்ளியே ஒரு சுற்றை முடிக்க வரும் வரை தாவலை நினைக்க வேண்டாம். ஏனென்றால் தாவலும் இதே அசைவுதான். லிப்பின் வளைவில் உடம்பின் எடையைக் கால்கள் வழியாக அழுத்தி, முனையில் நிமிர்ந்தால் சைக்கிள் தானாக எழும். ஹேண்டில்பாரை இழுத்துத் தூக்குபவர்களுக்குப் பின்சக்கரம் முந்தி இறங்கும். அடுத்து, நடுவில் மண் நிரப்பிய ‘டேபிள்டாப்’ மேடு. அதில் தூரம் குறைந்தாலும் விழுவதற்குத் தரை இருக்கிறது, பள்ளம் இல்லை. இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளம் உள்ள ‘டபுள்’ பக்கம் போக எத்தனை மாதம் ஆனாலும் அவசரப்படாதீர்கள். பதினான்கு வயதுக்காரர்களின் எலும்பு சேரும் வேகம் நமக்கு இல்லை.

தலைக்கவசம், முழங்கால், முழங்கைக் காப்பு, தட்டையான ரப்பர் அடி கொண்ட காலணி ஆகியவை வேண்டும். காலணியை மிதியில் பூட்டும் வகை வேண்டாம். மண்வெட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு போங்கள்; தளத்தில் கிடப்பவற்றில் பாதிக்கு மேல் கைப்பிடி உடைந்தே இருக்கும்.