வீட்டுத்தோட்டம் கேள்வி–பதில்: சுங்கை சிப்புட் வெயிலில் பார்ஸ்லி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள், கொத்தமல்லி போன்ற மணக்கீரையான பார்ஸ்லி பற்றி அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பாக்கெட் விதை வாங்கிக் கொத்தமல்லி போலவே தூவினேன். இரண்டு வாரமாகியும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. விதை செத்துவிட்டதா?
– இல்லத்தரசி, லிந்தாங்

அவசரப்பட்டு மண்ணைக் கிளறிவிடாதீர்கள் அம்மா. கொத்தமல்லி பத்து நாளுக்குள் முளைத்துவிடும். பார்ஸ்லிக்கு மூன்று வாரம் சாதாரணம், நான்கு வாரம் வரைகூடப் பொறுக்கலாம். விதையிலேயே முளைப்பைத் தள்ளிப்போடும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அதனால்தான் முந்தின இரவே வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, காலையில் அந்த நீரைக் கொட்டி, ஒருமுறை அலசிவிட்டு விதைக்க வேண்டும். ஊறிய நீரையே தொட்டியில் ஊற்றினால் ஊறவைத்த பலன் போய்விடும்.

அடுத்த சிக்கல் சூடு. மண்ணின் வெப்பம் 20 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நன்றாக முளைக்கும்; 32ஐத் தாண்டினால் முளைப்பு சரிந்துவிடும். சிமெண்ட் தரையில் வெயில்பட நிற்கும் கறுப்புத் தொட்டி மதியத்தில் அதைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே முளைக்கும் வரை தொட்டி அஞ்சடியிலோ (கூரையுள்ள முன்தாழ்வாரம்) வீட்டு நிழலிலோ இருக்கட்டும். அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தொட்டிக்கு நான்கு விதை போட்டு, மேலே ஈரச்சாக்கு மூடுங்கள். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். இடையில் மேல்மண் ஒரு நாள் காய்ந்தாலும் முளைவிட்ட விதை கருகிவிடும்.

முதலில் வரும் இரண்டு இலைகள் ஒடுங்கி நீண்டிருக்கும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். அடுத்து வரும் இலையில்தான் பார்ஸ்லியின் வெட்டு தெரியும். அப்போது திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்தால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். பாக்கெட்டில் தேதியையும் பாருங்கள். இரண்டு வருடம் பழசான விதையில் பாதி முளைத்தாலே பெரிது.

களைக்கொல்லி வந்த காலி தோங் (பிளாஸ்டிக் கலன்) நிறைய கிடக்கிறது. வெட்டித் தொட்டியாக்கலாமா? தோட்டத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) உரம் கொஞ்சம் போட்டால் போதுமா?
– வாசகர், ஜாலோங்

இரண்டுமே வேண்டாம் ஐயா. களைக்கொல்லி தோங்கை எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் மிச்சம் தங்கும். நீங்கள் வளர்ப்பதோ பச்சையாகத் தின்னும் கீரை. 5 கிலோ சமையல் எண்ணெய் தோங் இருந்தால் மேல்பகுதியை வெட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, அடியில் ஐந்தாறு துளை போடுங்கள். ஆழம் 25 சென்டிமீட்டராவது வேண்டும். பார்ஸ்லி கேரட்டின் உறவு. நேராக இறங்கும் ஆணிவேர். ஆழமில்லாத தட்டில் அது வளைந்து நின்றுவிடும்.

செம்பனைக்குப் போடும் உரத்தில் பொட்டாஷ் உப்பு அதிகம், சிலவற்றில் போரானும் உண்டு. சின்னத் தொட்டியில் அது இலை ஓரத்தைக் கருக்கும். நம் பக்கத்துச் செம்மண் புளிப்பானது, மழையில் இறுகிவிடும். நாற்றுப்பண்ணையில் கிடைக்கும் சுட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு கலந்து, பத்து லிட்டர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி டோலோமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) சேருங்கள். உமிக்கரி தண்ணீரை வடியவிடும். பச்சைக் கோழி எரு சேர்க்கவே கூடாது: வேரைச் சுடும், கிருமியும் இலைக்கு ஏறும். செடி ஒரு சாண் உயர்ந்த பிறகு 15-15-15 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ளது) கால் தேக்கரண்டி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொட்டி ஓரமாகத் தூவினால் போதும்.

கேமரன் மலையில் வாங்கி வந்த செடி, வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் மஞ்சளாகித் தொங்கிவிட்டது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன்.
– கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

கெடுத்தது அந்த இரண்டு வேளைத் தண்ணீர்தான் தங்கச்சி. மலையில் 15 முதல் 25 டிகிரியில் வளர்ந்த செடி சிம்பாங் பூலாய் இறக்கத்தில் மூடிய காரில் வெந்து, இங்கே 33 டிகிரியில் வந்து நிற்கிறது. இலை தொங்குவதைக் கண்டதும் தாகம் என்று நினைத்துவிடுகிறோம். ஏற்கெனவே நனைந்த மண்ணில் மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்றில்லை. அழுகல் தண்டின் அடியிலிருந்து தொடங்கும். அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். பழுப்பாகிக் கொழகொழவென்றிருந்தால் அந்தச் செடி தேறாது.

அடுத்த முறை வாங்கினால் பத்து நாள் வெளிச்சமான நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு நகர்த்துங்கள். பதினொரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். கிழக்குப் பார்த்த இடம் உத்தமம், இல்லையென்றால் 50 விழுக்காட்டு நிழல்வலை. விரலை இரண்டு சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுங்கள். அந்தச் சின்னத் தொட்டிக்குள் பத்துப் பதினைந்து நாற்றுகள் நெருக்கியிருப்பது வழக்கம். ஓரத்துச் செடிகளைக் கத்தரித்துச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, நடுவில் மூன்று நான்கை மட்டும் விடுங்கள். வேரைப் பிரிக்க முயலாமல் மண் உருண்டையோடு பெரிய தொட்டிக்கு மாற்றலாம். மாலை இடிமழை அடிக்கும் மாதங்களில் கூரையின் கீழ் வைப்பது இலைப்புள்ளி நோயையும் குறைக்கும்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வெங்காயத் தாளோடு கட்டி விற்கும் டாவுன் சூப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது செலரி இனம், வாசனை காரம். ரசம், சூப்புக்கு மட்டும்தான் வேண்டுமென்றால் டாவுன் சூப்பையே வளருங்கள், நம் வெப்பத்தை அது நன்றாகத் தாங்கும். பார்ஸ்லிக்குப் படும் பாடு மீன், உருளைக்கிழங்கு, சாலட் செய்பவர்களுக்கே தகும். அதிலும் சுருள் இலையைவிடத் தட்டை இலைதான் மணம்; அலசவும் எளிது.

நுனியைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறேன். காம்பு மொட்டையாக நிற்கிறது, தளிர்க்கவில்லை.
– வாசகி, சுங்கை சிப்புட்

தளிர்க்காது. துளசியில் கிள்ளிய இடத்தில் கிளை வெடிக்கும். பார்ஸ்லியில் ஒவ்வொரு காம்பும் அடியிலிருந்து வரும் ஒரே இலை. புதிய இலை நடுக்குருத்திலிருந்து மட்டும் வரும். அதனால் வெளிச்சுற்றில் முதிர்ந்த காம்பை மண்ணுக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் விட்டு அடியில் வெட்டுங்கள், நடுவைத் தொடாதீர்கள். விதைத்து 70 முதல் 90 நாளில் முதல் அறுவடை. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் செடி சுருங்கும். வெயில் ஏறுமுன் அறுங்கள். இலையடியில் அசுவினிப் பூச்சி இருந்தால் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரச் சோப்புக் கலந்து மாலையில் தெளித்து, காலையில் கழுவிவிடுங்கள்.

அறுத்ததை ஐஸ் பெட்டியில் (குளிர்சாதனப் பெட்டி) வைத்தால் மூன்றே நாளில் வழவழவென்றாகிறது. காயவைத்துப் பார்த்தேன், பூஞ்சணம் பிடித்தது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

கழுவிய ஈரத்தோடு பையில் கட்டியிருப்பீர்கள். கழுவாமல், காம்பின் நுனியைச் சற்று வெட்டி, இரண்டு விரற்கடை நீருள்ள மங்கில் (குவளை) நிற்கவைத்து, மேலே பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றினால் பத்து நாள் தாங்கும். பழுத்த வாழை, ஆப்பிள் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும்.

நம் ஊர்க் காற்றில் கட்டித் தொங்கவிட்ட பார்ஸ்லி காய்வதற்குள் பூஞ்சணம் பூத்துவிடும். காய்ந்தாலும் மணம் பெரும்பாலும் போய்விடும், உறையவைப்பதே மேல். கழுவி, துவாலையில் ஈரம் முழுக்க ஒற்றி, நறுக்கி, ஐஸ்கட்டித் தட்டில் நிரப்பி, மூழ்கும் அளவு நீரோ எண்ணெயோ ஊற்றி உறையவையுங்கள். பிறகு கட்டிகளைப் பையில் போட்டால் ஆறு மாதம் வரும். உருகினால் இலை துவண்டுவிடும், கொதிக்கும் சமையலுக்கு மட்டுமே ஆகும். பச்சை இலையை எண்ணெய்ப் போத்தலில் ஊறப்போட்டு வெளியில் வைக்காதீர்கள். காற்றில்லாத அங்கே பொட்டுலிசம் கிருமி நஞ்சு உண்டாக்கலாம், வாசனையில் தெரியாது.

அப்பா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். தரலாமா?

பார்ஸ்லியில் வைட்டமின் கே மிக அதிகம்: 100 கிராமில் சுமார் 1,640 மைக்ரோகிராம். நறுக்கிய ஒரு மேசைக்கரண்டியிலேயே 60 வரும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கும் மருந்து. ஒரு நாள் நிறைய, மறு நாள் ஒன்றுமில்லை என்று தந்தால் இரத்தப் பரிசோதனை அளவு ஏறி இறங்கும். கிளினிக்கில் சொல்லி, அவர்கள் சொல்லும் ஒரே அளவில் கொடுங்கள். பார்ஸ்லிச் சாறு அவருக்கு வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.