தமிழ்நாட்டுக் கடற்கரையோரம் தனியாக வண்டியில் போய்க் கூடாரம் போட்டுத் தங்க முடியுமா? ஒரு நாள் எப்படிப் போகும்?

முடியும். தனி ஆளாகப் போனால் பாதுகாப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதுகாப்புதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதை ஒரு நாள் கதையாகச் சொன்னால் புரியும்.

போன பங்குனியில் தூத்துக்குடியிலிருந்து தெற்கே உவரிப் பக்கம் வரை போனேன். வண்டி பழைய பொலேரோ. பின்சக்கரத்துக்கு மட்டும்தான் இழுவை. அன்றைக்கு மொத்தமாக ஓட்டியது நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. கடற்கரைப் பயணத்தில் அதற்கு மேல் ஓட்டினால் சாலையை மட்டும்தான் பார்த்துவிட்டு வருவோம்.

மாதத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், கூடாரம் நிற்காது. தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை கடலும் காற்றும் கொஞ்சம் அடங்கி இருக்கும். வெயில்தான் பெரிய தொல்லை.

விடிய ஐந்து மணிக்குத் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பினேன். ஊர் முடிந்ததும் உப்பளம். அந்த நேரத்திலேயே பெண்கள் பாத்தியில் இறங்கி உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைப் பறித்துவிடும், அதனால்தான் இருட்டிலேயே வேலை. வண்டியை நிறுத்திப் படம் எடுக்க மனம் வரவில்லை. முக்காணியில் தாமிரபரணியைத் தாண்டினால் கண்ணுக்கு முன்னால் எல்லாமே மாறிவிடுகிறது: வாழை, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், ஈர மண் வாசனை. காயல்பட்டினத்தில் டீ குடித்துவிட்டு, திருச்செந்தூர்க் கூட்டத்துக்குள் போகாமல் காயாமொழிப் பக்கம் திரும்பினேன்.

அங்கேதான் தேரி இருக்கிறது. முதல்முறை பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, குங்குமத்தைக் கொட்டிவைத்தது போலச் செக்கச்சிவந்த மணல்மேடுகள். மணல் துகள்மேல் இரும்புத்தாது படிந்து வந்த நிறம் அது. காற்று கொண்டுவந்து குவித்த மணல் என்பதால் இடம் பெயரும் குணமும் உண்டு. அதைப் பிடித்து நிறுத்தத்தான் பனையும் கொல்லாமரம் என்கிற முந்திரியும். இந்த வறட்சிக்கு நடுவிலேயே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு சுனை இருக்கிறது. தேரிக்குள் வண்டியை இறக்காதீர்கள். தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, காலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். பத்து மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது.

ரோட்டோரத்தில் பனையேறும் பெரியவர் ஒருவர் அப்போதுதான் கடைசி மரத்திலிருந்து இறங்கினார். ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, ஒரு முனையை நாரால் கட்டி என் கையில் கொடுத்தார். பதநீர்க் கலயத்தைச் சாய்க்கும்போது மணிக்கட்டை மிக மெதுவாகத் திருப்பினார். உள்ளே தடவிய சுண்ணாம்பு அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், அது கலங்கிவிடக் கூடாது. அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் வெயில் ஏறுவதற்குள் கள்ளாகிவிடும். “பட்டையை ரெண்டு கையாலயும் பிடிங்க அண்ணாச்சி, வளஞ்சிரும்” என்றார். குடித்து முடித்த பிறகும் ஓலை வாசனை வெகுநேரம் உதட்டிலேயே இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீர்கள் என்று கேட்டேன். “முப்பது. காலைல ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா” என்றார். பாளையைச் சீவிவிடாவிட்டால் மறுநாள் வடியாதாம். ஆளுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமையில் பெரிய பங்கு இப்படிப்பட்ட கால்களுக்குப் போய்ச்சேர வேண்டும்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு குலசை என்கிற குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இங்கிருந்து ஏவினால் நேரே திறந்த கடல்தான். மணப்பாட்டில் கடலை ஒட்டிய மணல்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது, 1581-இல் கட்டியது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து தங்கிய குகை அதற்குக் கீழே. பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை நான் வண்டி ஓட்டுவதில்லை. ஒரு வேப்பமர நிழலில் எல்லாக் கதவையும் திறந்துவைத்துத் தூங்கினேன். தண்ணீரை வீட்டிலிருந்தே இருபது லிட்டர் கேனில் கொண்டுபோய்விடுவேன். இந்தக் கரையில் பல இடங்களில் கிணற்று நீர் கரிக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரியதாழைக்கும் உவரிக்கும் இடையில் ஒரு மீனவர் ஊரில் தங்கினேன். ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த சனிக்கிழமை பத்து வண்டி அங்கே நிற்கும், அவர்கள் பிழைக்கிற இடம் அது. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் செய்தது, கரையில் வலை சீராக்கிக்கொண்டிருந்தவர்களிடம் போய், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேட்டதுதான். ஊர்க் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவரைக் காட்டினார்கள். அவர் என் ஆதாரை வாங்கிப் பார்த்தார். எந்த ஊர், என்ன வேலை, எதற்குத் தனியாக என்று பொறுமையாக விசாரித்தார். “தண்ணி போடக் கூடாது, கடலப் பாத்து லைட் அடிக்கக் கூடாது, விடியக் கெளம்பிரணும். சரியா தம்பி?”

அந்த லைட் விஷயம் முக்கியம். இந்தக் கரையிலிருந்து இலங்கைக்குப் பீடி இலையும் கடல் அட்டையும் கடத்துவது அடிக்கடி செய்தியில் வருகிறது. இராத்திரியில் ஆளில்லாத கரையில் ஒரு வண்டி நின்று டார்ச் அடித்தால், ஊர்க்காரர்களுக்கும் போலீசுக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். சொல்லாமல் ஒதுக்குப்புறமாகத் தங்குவதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், நான் அதற்கு நேர் எதிர். ஊருக்குத் தெரிந்து தங்குங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது வண்டி புதைந்துவிட்டது. கடல் மணலில் ஓட்டவில்லை. அங்கே வலை காய்கிறது, அந்த மாதங்களில் ஆமை முட்டையிட வரும், அதனால் எப்போதும் ஓட்டுவதில்லை. படகு இழுக்கும் டிராக்டர் தடத்தில்தான் போனேன். டிராக்டர் கிளறிக் கிளறி அந்த மணல் மாவு மாதிரி இருந்தது. புதைந்தவுடன் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், அதுதான் தவறு. சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பையன்கள் ஓடிவந்து, “அண்ணே, ஆஃப் பண்ணுங்க” என்றார்கள். டயர் காற்றை முப்பதிலிருந்து பதினாறு பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கினோம். காற்று குறைந்தால் டயர் பரந்து உட்கார்ந்து மணலை அழுத்தாமல் மிதக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் கையால் சரிவு தோண்டி, காய்ந்த பனைமட்டைகளைக் குறுக்கே அடுக்கினார்கள். இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்ததும் மட்டை படபடவென்று முறிந்தது, வண்டி ஏறிவிட்டது. சின்ன கம்ப்ரெஸர் ஒன்று வைத்திருந்ததால் தார்ச்சாலைக்குப் போவதற்கு முன் திரும்பக் காற்று நிரப்ப முடிந்தது. அது இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

கூடாரத்தை அலை வரும் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில் போட்டேன். பங்குனி, சித்திரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாதபோது கரையேறும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. போகும் அன்று காலையில் அதைப் பார்க்காமல் தயவுசெய்து கிளம்பாதீர்கள். மணலில் கூடார முளை நிற்காது. சின்ன சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதைத்தால் அசையாது. கூடார வாசலைக் கடல் பக்கம் வைத்திருந்தேன். முன்னிரவில் கடல்காற்று குளிரக் குளிர அடித்தது, நடுநிசிக்கு மேல் அது நின்று கரைக்காற்று பின்பக்கமிருந்து வர ஆரம்பித்தது. அந்தக் காற்றை நம்பித்தான் அந்தக் காலத்தில் பாய் விரித்துக் கடலுக்குப் போனார்கள்.

இரவு ஒன்றரை இருக்கும். கூடாரத் துணிமேல் வெளிச்சம் விழுந்தது. “யாரு உள்ள? வெளிய வாங்க.” இரண்டு போலீஸ்காரர்கள், கூட ஒரு ஊர்க்காரர். எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மை. பெயரைச் சொல்லி அடையாள அட்டையை எடுப்பதற்குள் அந்த ஊர்க்காரரே சொன்னார்: “இவரு நம்மகிட்ட சொல்லிட்டுத்தான் தங்கியிருக்காரு சார். சாயந்திரம் வண்டி பொதஞ்சுதுல்லா, அந்தாளு.” போலீஸ்காரர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஏதாவது வேண்டுமென்றால் கடலோரக் காவல் எண் 1093-க்குக் கூப்பிடச் சொன்னார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர்கள் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மணிவாக்கில் கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. படகைத் தள்ளும் சத்தம், பிறகு ஒவ்வொன்றாக எஞ்சின்கள். சாயந்திரம் மட்டை அடுக்கிக் கொடுத்த பையன்களில் ஒருவன் கூடாரத்தைத் தாண்டிப் போகும்போது, “அண்ணே, முழிச்சிருக்கீயளா? ஆறு மணிக்கு வந்துருவோம், இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.