லக்கி பேம்பூ: கையால் வளைக்காதீர்கள், வெளிச்சம் வளைக்கட்டும்

மூங்கில் கழியை அனலில் வாட்டி வளைப்பதுபோல் லக்கி பேம்பூவையும் வளைக்கலாமா? கையால் முயன்றேன், ஒடிந்துவிட்டது. (கும்பகோணம்)

வேண்டாம், வெந்துவிடும். கொள்ளிடக் கரையில் வளரும் மூங்கில் புல் இனம். இதுவோ ஆப்பிரிக்காவின் கேமரூன் பக்கத்துச் செடி. டிரசீனா வகை, மூங்கிலுக்கு உறவே இல்லை.

நர்சரியில் வாங்கிய முற்றிய தண்டு இனி வளையாது, உயரவும் செய்யாது. வளைவது கணுவில் கிளம்பும் புதுத் துளிர்தான். ஒரு பக்கம் மட்டும் திறந்த அட்டைப்பெட்டிக்குள் செடியை வைத்து, திறப்பை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். நேர்வெயில் படக்கூடாது, இலை கருகும். துளிரில் வெளிச்சம் படாத பக்கம் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சேர்வதால் அந்தப் பக்கம் நீள்கிறது, துளிர் வெளிச்சத்தை நோக்கிச் சாய்கிறது. நன்றாகச் சாய்ந்த பிறகு பெட்டிக்குள் செடியை மட்டும் கொஞ்சம் திருப்பி வையுங்கள். எப்போதும் ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும், மாற்றித் திருப்பினால் வளைவு நிமிர்ந்துவிடும்.

என் வீட்டு முற்றத்தில் வைத்த செடியில் முதல் சில வாரம் ஒன்றுமே தெரியவில்லை. ஒருநாள் காலை பார்த்தால் துளிரின் நுனி மட்டும் தூண்டில் முள் மாதிரி திரும்பியிருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகவே இதைச் செய்யலாம். ஒரு முழுச் சுற்று வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

அவசரம் என்றால், இளந்துளிரில் மெல்லிய அலுமினியக் கம்பியைத் தளர்வாகச் சுற்றி, வாரத்துக்குக் கொஞ்சமாக வளையுங்கள். கம்பி தோலில் பதியும் முன் கழற்றிவிட வேண்டும். எனக்கு இந்த முறையில் அவ்வளவு விருப்பமில்லை.

இலை நுனி காய்ந்து பழுப்பாகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். (நாகப்பட்டினம்)

கடலோரத்துப் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். காரணம் பெரும்பாலும் அதுதான். ஃபுளோரைடும் இந்தச் செடிக்கு ஆகாது. ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பும் ஃபுளோரைடும் போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி, உப்பின் அடர்த்தி இன்னும் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து வையுங்கள். அது தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர்.

ஜாடியில் கொசு வருமா? (திருவாரூர்)

வரும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஜாடியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள், ஏடிஸ் கொசுவின் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.

துளிர் ரொம்ப நீண்டு சாய்கிறது. வெட்டலாமா? (மயிலாடுதுறை)

தாராளமாக. தாய்த்தண்டிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் விட்டு, சுத்தமான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டுவாயில் மெழுகு தடவலாம். பக்கத்தில் புதுத் துளிர் வரும். வெட்டிய துண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் சில வாரங்களில் வேர் விடும், மேலே சொன்ன அட்டைப்பெட்டி முறையை அதில் தொடங்குங்கள். ஆனால் ஏதாவது தண்டு மஞ்சளாகி கொழகொழத்தால் உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துத் தண்டும் அழுகும்.

வீட்டில் பூனை இருக்கிறது. (தஞ்சாவூர்)

அப்படியானால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் பூனைக்கும் நாய்க்கும் வாந்தி வரும்.