முதலில் உம்மா, பிறகு பேருவளை

கேள்வி: நான் பேருவளை ஜாமிஆ நளீமிய்யா என்ற இஸ்லாமியக் கல்வி நிலையத்தில் படித்து வெளியேறியவன். இப்போது தோஹாவில் ஒரு களஞ்சியத்தில் கணக்குப் பார்க்கிறேன். கொரோனாவுக்கு முன்னர் ஊருக்கு வந்ததுதான். இந்த முறை ஒரு மாத லீவு கிடைத்திருக்கிறது. உம்மா அக்கரைப்பற்றில் தங்கச்சி வீட்டில் இருக்கிறா. மனைவியின் வீடு நிந்தவூர். ஜாமிஆவுக்கும் போய்வர ஆசை. "ஊருக்கு வந்தும் ஊரில இருக்க மாட்டீங்களா?" என்கிறா மனைவி. எனக்கும் உள்ளுக்குள் ஒரு கூச்சம். மௌலவியாகவும் ஆகவில்லை, ஆசிரியராகவும் ஆகவில்லை. எந்த முகத்தோடு என்னைப் படிப்பித்த உஸ்தாத்மார் முன்னால் போய் நிற்பது?
– ஒரு வாசகர், தோஹா

பதில்: தம்பி, மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

வெளியூர் வாசகர்களுக்காக இலங்கையில் எங்கள் கிழக்கு மாகாண வழமையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவார். பிறந்த வீட்டில் ஆண்பிள்ளைக்கு ஒரு கதிரை இருக்கும், அறை இருக்காது. இதனால் லீவில் வருகிற எல்லாரும் செய்வது ஒன்றுதான். சூட்கேஸ் மனைவி வீட்டில் இறங்கும். உம்மாவைப் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்ப்பார்கள், ஒரு பிளேன்டீ குடிப்பார்கள், மஃரிபுக்கு முன்னர் திரும்பிவிடுவார்கள். மாதம் முடிந்ததும் "உம்மாவை ஒவ்வொரு நாளும் பார்த்தேன்" என்று விமானம் ஏறுவார்கள்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வந்து இறங்கியதும் முதல் சில இரவுகள் தங்கச்சி வீட்டிலேயே படுங்கள். ஹோலில் பாய் போட்டுப் படுக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. வயதான உம்மாமாரின் கதை பகலில் வெளியே வராது. இராச்சோறு முடிந்து, பேரப்பிள்ளைகள் தூங்கி, வெற்றிலைத் தட்டத்தைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு பாக்குவெட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் வரும். யார் மௌத்தானது, எந்த வயல் யாருக்குக் குத்தகைக்குப் போனது, வாப்பாவின் கடன் ஒன்று எப்படித் தீர்ந்தது என்று பாக்குச் சீவலோடு சீவலாக விழும். நடுவில் போனைப் பார்க்க வேண்டாம். பார்த்தால் "சரி மன, நீ படு" என்று தட்டத்தை மூடிவிடுவா.

இதை மாமிக்கு நீங்கள் சொல்லப் போகாதீர்கள், மனைவி சொல்லட்டும். மருமகன் வந்து இறங்கிய அன்றே வேறு வீட்டில் படுத்தால் அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்பார்கள். காரணம் முன்கூட்டியே மாமியின் கையில் இருந்தால் அவவே பதில் சொல்லிக்கொள்வா.

அப்புறம் ஜாமிஆ. உங்கள் கூச்சத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: அது தேவையில்லாத கூச்சம். 1973 இல் அந்த இடத்தைத் தொடங்கிய நளீம் ஹாஜியார் பெரிய படிப்பாளி இல்லை, மாணிக்கக் கல் வியாபாரி. பள்ளிவாசலுக்கு இமாம்கள் மட்டும் வேண்டுமென்றால் நாட்டில் அதற்கென்று அரபு மத்ரஸாக்கள் அப்போதே இருந்தன. அவர் வேறொன்றை நினைத்தார். ஏழு வருடம் விடுதியில் வைத்து தஃப்ஸீர் என்ற குர்ஆன் விளக்கமும் நபிமொழிகளான ஹதீஸும் படிப்பித்த அதே இடத்தில் மாணவர்கள் உயர்தரப் பரீட்சைக்கும் பேராதனைப் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்கும் உட்கார்ந்தது அதனால்தான். நெடுங்காலம் பணிப்பாளராக இருந்த கலாநிதி ஷுக்ரி அவர்களே எடின்பரோவில் ஆய்வு செய்து பட்டம் வாங்கி வந்தவர். அங்கிருந்து வெளியேறியவர்கள் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறார்கள், அரச நிர்வாகத்திலும் இருக்கிறார்கள், பத்திரிகையிலும் வங்கியிலும் இருக்கிறார்கள். களஞ்சியத்தில் நேர்மையாகக் கணக்குப் பார்க்கிறவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? நானும் ஜித்தாவில் ஒரு கம்பனியில் விலைப்பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருந்தவன்தான். லீவில் போனபோது என் உஸ்தாத் கேட்டது இரண்டு கேள்வி: "உம்மா சுகமா? அரபு வாசிக்கிறீரா?" உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் ஒன்று. பேருவளைக்குப் போனால் பழையவர்கள் எல்லாரும் அதே இடத்தில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஹாஜியார் 2005 இல் வஃபாத்தானார், ஷுக்ரி அவர்கள் 2020 இல். உங்களைப் படிப்பித்தவர்களில் பலர் ஓய்வு பெற்று மாவனல்லை, அக்குறணை, காலி என்று அவரவர் ஊரில் இருப்பார்கள். காவலாளி உங்களைத் தெரியாது என்பார், விடுதிப் பிள்ளைகள் "நீங்க எந்த பெட்ச்?" என்று கேட்டுவிட்டுப் பந்து விளையாடப் போய்விடுவார்கள். அது இயல்பு.

ஆகவே உங்கள் பயணத்தைப் பேருவளையில் தொடங்க வேண்டாம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை அந்தக் கடற்கரைப் பாதையில் நீங்கள் எப்படியும் போய்வரத்தான் போகிறீர்கள். சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊருக்கு ஊர் நளீமிகள், அதாவது ஜாமிஆவில் படித்து வெளியேறியவர்கள், இருக்கிறார்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிக்கென்று தனிப் பீடமே உண்டு; அங்கே விசாரித்தால் உங்கள் வகுப்புத் தோழர் ஒருவராவது அகப்படாமல் போக மாட்டார். முதலில் அவர்களைப் பாருங்கள். எந்த உஸ்தாத் எங்கே இருக்கிறார், யாருக்கு உடல்நிலை சரியில்லை என்ற முழுப் பட்டியலும் அவர்களிடம் இருக்கும். நோயாளியாக இருக்கும் உஸ்தாதின் வீட்டுக்கு முதலில் போங்கள். ஜாமிஆவை அடுத்த லீவிலும் பார்க்கலாம்.

பேருவளைக்கு லீவின் மூன்றாவது வாரம் சரியாக இருக்கும். கட்டுநாயக்காவில் இறங்கி அதிவேகப் பாதையில் வெலிப்பென்ன வந்து அப்படியே ஜாமிஆவுக்குப் போய்விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பாதை வசதிதான், ஆனால் கிழக்கில் ஒரு உம்மா சோறாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது அந்த வசதி நமக்கு எதற்கு? அக்கரைப்பற்றிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு வந்து, கோட்டையில் காலி பக்கம் போகிற ரயிலைப் பிடியுங்கள். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. கல்கிசை, பாணந்துறை, களுத்துறை எல்லாம் கடலோடேயே வரும். பேருவளையில் எல்லா ரயிலும் நிற்காது. நிற்காவிட்டால் அளுத்கமயில் இறங்கி பஸ்ஸில் கொஞ்சம் திரும்பி வாருங்கள். நோன்பு காலத்தில் பொதுவாக அரபுக் கல்லூரிகள் எல்லாமே விடுமுறையில் இருக்கும், ஆகவே போன் எடுத்துக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது? அத்தர் போத்தலும் பேரீச்சம்பழப் பெட்டியும் வளைகுடாவிலிருந்து வருகிற எல்லாரும் கொண்டுவருகிறார்கள். நீங்கள் ஜாமிஆ நூலகத்தில் எந்த அரபுப் புத்தகம் இல்லை என்று முன்பே கேட்டு, தோஹாவில் வாங்கி வாருங்கள். பாரம்தான், என்றாலும் அதற்காக இரண்டு பால்மா டின்னைக் குறைத்துக்கொள்ளலாம். மஃரிபுக்குப் பிறகு "பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கைத் தருவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். "எங்கட காலத்தில…" என்று தொடங்கவே வேண்டாம். கட்டாரில் வேலை ஒப்பந்தம் எப்படி இருக்கும், அதில் எதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது, லண்டனில் பிறந்தவன், தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது நான் படித்த நளீமிய்யாவை அவனுக்குக் காட்ட வேண்டும். சலித்துப்போவானோ?
– ஒரு வாசகர், லண்டன்

பதில்: கட்டாயம் சலித்துப்போவான். பதினான்கு வயதுப் பையனுக்கு வாப்பா படித்த வகுப்பறை என்பது இன்னொரு வகுப்பறை, அவ்வளவுதான். நீங்கள் தூணைத் தடவிக்கொண்டு நிற்கிற நேரத்தில் அவனைப் பக்கத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். அவன் வயதுப் பிள்ளைகளோடு மைதானத்தில் விட்டுவிடுங்கள், அவனுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழ் அங்கே போதும்.

அதற்கு முன்னர் சீனன்கோட்டை மாணிக்கச் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். வெள்ளைக் காகிதத்தை மடித்து மடித்து அதற்குள் நீலக்கல்லை வைத்துக்கொண்டு தெருவோரத்தில் நிற்பார்கள். ஒருவர் மடிப்பைப் பிரிப்பார், இன்னொருவர் சின்ன டோர்ச் அடித்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மடிப்பு மூடிவிடும். ஜாமிஆவைக் கட்டிய மனிதரும் இந்த வியாபாரத்தில் வந்தவர்தான் என்று மகனிடம் அங்கேயே சொல்லுங்கள். கட்டடத்தைக் காட்டிச் சொன்னால் காதில் ஏறாது. கல்லைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்பட்டால் கேட்டுவிட்டு வாங்கட்டும். விலை மட்டும் கேட்க வேண்டாமென்று சொல்லி வையுங்கள். லண்டன் பிள்ளை விலை கேட்டான் என்று தெரிந்தால் அஸர் வரை விடமாட்டார்கள்.