முட்டம் முதல் நீரோடி வரை: கடப்புறத்துக் கேள்வி பதில்

மதுரை: இரண்டு நாள் வருகிறோம் அண்ணாச்சி, எங்கே தொடங்கலாம்?

குமரி மாவட்டத்து முட்டத்தில், விடியும் முன்பே. அப்புறம் குளச்சல், தேங்காப்பட்டணம், தூத்தூர், வள்ளவிளை என்று மேற்கே போய் நீரோடியில் முடியுங்கள். வழியில் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, இழுத்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். வலையின் ஒரு முனை கரையில் இருக்கும். மறுமுனையை வள்ளம் அரைவட்டமாகச் சுற்றிக் கொண்டுவரும். இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றில் சாய்ந்து பின்னோக்கி நடப்பார்கள். மீன் சேரும் பையான மடி கிட்ட வர வர வரிசைகளும் நெருங்கும். கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் ஓடி மறுபடி பிடிப்பார். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

கோவை: முட்டம் பாறையில் இறங்கலாமா?

கூடாது. இங்கே கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, நாள் கழித்து இங்கே வந்து ஏறும். நம் பக்கம் காற்றே இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். எச்சரிக்கை வந்த நாளில் மணலுக்கே போகாதீர்கள்.

சென்னை: அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டிருக்கும் தூண்டில் வளைவு மேல் நடக்கலாமா?

மேலே உள்ள பதில்தான்.

வேலூர்: ஜூனில் வந்தால் மீன் கிடைக்குமா?

இந்தக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகு போகும், கடல் விட்டால்.

திருச்சி: நல்ல ஓட்டல்?

அது நம்ம துறை இல்லை.

திருவனந்தபுரம்: குளச்சலில் தோற்றது டச்சு அட்மிரல்தானே?

டி லனாய் அட்மிரல் இல்லை. 1741 குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிப் படையோடு பிடிபட்டவர். பிறகு, வென்ற திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படையையே பழக்கி ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) ஆனார். 1777-இல் இறந்தார். கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில். குளச்சல் வெற்றித்தூணோடு அதையும் பாருங்கள்.

மார்த்தாண்டம்: அந்தப் போரில் நம்ம மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்து வரிசையாக நின்று டச்சுக்காரரை ஏமாற்றியதைச் சொல்லவில்லையே?

ஊரில் சொல்லும் கதை. கதையாகவே சொல்கிறேன்.

மார்த்தாண்டம்: அப்போ என் பாட்டி சொன்னது பொய்யா?

பாட்டியை ஏன் இழுக்கிறீர்கள்? துடுப்பு நின்றதோ இல்லையோ, அந்தக் கரையில் கடல் தெரிந்தவர்கள் முக்குவர்கள் என்ற மீனவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டு ராஜாவையும் கப்பித்தானையும் மட்டும் பேசுவதில் எனக்கும் வருத்தம் உண்டு.

திருவனந்தபுரம்: ஆதாரம் இல்லாமல் வருத்தமா?

சரி, இதற்கு மேல் இரண்டு பேரும் தூணடியில் நின்று பேசிக்கொள்ளுங்கள்.

சேலம்: தூத்தூரில் சுறாப் படகுகளைப் பார்க்கலாமா?

அந்த ஆழ்கடல் படகுகள் பெரும்பாலும் கொச்சிப் பக்கம் நிற்கும். ஊரில் தேடினால் ஏமாற்றம்தான். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அதை விசாரித்துக்கொண்டு கதவைத் தட்டாதீர்கள்.

ஈரோடு: செல்ஃபிக்கு எந்தப் பாறை நல்லது?

உங்கள் வீட்டு மொட்டைமாடி.

தஞ்சாவூர்: நீரோடியில் என்ன இருக்கிறது?

கடலரிப்புக்குப் போட்ட கல்சுவர், அதை ஒட்டி வீடுகள். தாண்டினால் பொழியூர், கேரளம். கடற்கரை ஒன்றுதான், 1956-இல் மாநில எல்லைக் கோடு நடுவில் விழுந்தது. நடந்தே போய் டீ குடித்துவிட்டு வரலாம். தமிழிலேயே கேளுங்கள், கொடுப்பார்கள்.