மீன் வேசத்தில ஓடலாம், றெஜிபோம் மட்டும் வேண்டாம்

தங்கச்சி, ஜூலையில மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால 5 கிலோமீற்றர் மீன் வேசத்தில ஓட ஆசை, றெஜிபோமில, அதான் பொதி கட்டுற வெள்ளை நுரைப் பலகையில, மீன் உடம்பு செய்தா வெயில் தாங்குமா எண்டு கேட்டிருக்கிறீங்க. தாங்காது. றெஜிபோம் உடம்புச் சூட்டை வெளிய விடாது, வியர்வை காய வழியில்லாமத் தலை சுத்தும். அந்த மாசம் கச்சான் எண்ட சூடான காத்து வேற. பாலத்தில அது அடிச்சா அகலமான வால் உங்களையே இழுத்துக்கொண்டு போகும்.

மெல்லிய ஓட்டச் சட்டையிலேயே செதில் வரையுங்க. வாலை வலைத்துணியில, முழங்காலுக்கு மேல நிக்கிற மாதிரித் தைச்சா காத்து ஊடால போயிரும். முகமூடி வேண்டவே வேண்டாம். தொப்பியில பெரிய கண் ரெண்டு ஒட்டுங்க, சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே சந்தோசம். அக்குளுக்கும் தொடைக்கும் வசிலின் தாராளமாப் பூசுங்க. முந்தின கிழமை ஒருநாள் காலமை முழு வேசத்தோட ஓடிப் பார்த்தா உரசுற இடம் தெரிஞ்சிரும். ஓட்டத்தில குளிர் எடுத்தா, தலை சுத்தினா உடனே நிழலுக்குப் போய் வேசத்தைக் கழட்டிப்போடுங்க.